எதிரிடை அனுபவத் தீர்ப்பு வாங்கியாச்சு, பட்டாவும் வேலியும் எப்போது?

"பன்னிரண்டு வருஷம் கையில் வைத்திருந்தால் நிலம் நமக்குத்தான்" என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்வார்கள். அடுத்தவர் நிலத்தை அவர் அனுமதியில்லாமல், எல்லோருக்கும் தெரிய, தொடர்ந்து அனுபவிப்பதைத்தான் சட்டம் எதிரிடை அனுபவம் என்கிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நீதிமன்றத்தில் உரிமை விளம்புகை (இவரே உரிமையாளர் என்ற அறிவிப்பு) கிடைத்த பிறகும் பட்டா பழைய பெயரிலேயே கிடக்கும். எதிர்த்தரப்பு ஆள் கூட்டி வந்து வேலியைப் பிடுங்கும். காவல் நிலையத்தில் "சிவில் விஷயம், கோர்ட்டில் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கல்குளம் தாலுகாவில் 18 சென்ட் தென்னை விளைக்காக (விளை என்றால் எங்கள் பக்கத்தில் தோப்பு) எங்கள் குடும்பம் இத்தனையும் பட்டுத் தீர்த்திருக்கிறது. முதல் நீதிமன்றத்தில் நாலு வருஷம், மேல்முறையீட்டில் ஒன்றரை வருஷம், கைக்காசு நாலு லட்சத்துக்குப் பக்கம். முன்கூட்டியே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் நிலம் இந்த வழிக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65வது இனப்படி, தனியார் நிலத்தின் உரிமையாளர், அனுபவம் தனக்கு எதிராகத் திரும்பிய நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் மீட்பு வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் அதே சட்டத்தின் 27வது பிரிவின்படி அவர் உரிமையே அற்றுப்போகிறது. அரசு நிலமென்றால் 112வது இனம், 30 வருஷம். ஆனால் குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கை வைத்துக்கொண்டு 30 வருஷக் கணக்குச் சொல்லிப் பயனில்லை. கோயில் நிலமும் அப்படித்தான். இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109வது பிரிவு அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. கூட்டுப் பங்காளிகளுக்குள் ஒருவர் மட்டும் அனுபவித்தார் என்பது போதாது. மற்றவர்களுக்குத் தெரியும்படி "உங்களுக்கு இதில் பங்கே கிடையாது" என்று விலக்கிவைத்ததை நிரூபிக்க வேண்டும். வாடகைக்கோ பாட்டத்துக்கோ வந்தவர், பார்த்துக்கொள்ளச் சொல்லி விடப்பட்டவர், உறவுக்காரர் சம்மதத்தோடு குடியிருப்பவர் எல்லோரும் அனுமதியில் இருப்பவர்கள். எத்தனை வருஷம் இருந்தாலும் அது எதிரிடை அனுபவமாகாது.

நம் மாவட்டத்தில் அதிகமாக ஏமாறுவது ஒற்றியில்தான். தாத்தா காலத்தில் ஒற்றிக்கு வாங்கிய விளையை மூன்று தலைமுறையாக அனுபவித்துவிட்டு, இனி நமக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒற்றி என்பது அனுபவ அடமானம். அடமானக் காசு தீரும்வரை மீட்கும் உரிமை உயிரோடு இருக்கும், வெறும் வருஷக் கணக்கை வைத்து அது போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சிங் ராம் வழக்கில் சொல்லிவிட்டது. பழைய பிரமாணத்தில் (பத்திரத்தில்) ஒற்றி என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1க்கு முன்பு நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் அந்தக் காலப் பிரமாணங்கள் பல மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். 1120 என்றால் 1944–45. நீதிமன்றத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும். நன்றாக வாசிக்கத் தெரிந்தவரைப் பிடித்து, வழக்குப் போடுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

"எதிரிடை அனுபவத்தை வைத்து நீங்களாக வழக்குப் போட முடியாது, யாராவது உங்கள் மேல் போட்டால் தற்காப்பாகச் சொல்லலாம்" என்று இப்போதும் சில வக்கீல்கள் சொல்கிறார்கள். 2013இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படித்தான் இருந்தது. 2019 ஆகஸ்ட் 7 அன்று ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. வாதியாகவே போய் உரிமை விளம்புகை கேட்கலாம். எங்கள் வழக்கு அதற்குப் பிறகு போட்டதுதான்.

வழக்குரை எழுதும்போது மனசுக்குக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. "இது இன்னார் நிலம்தான், அவர் உரிமைக்கு எதிராக நாங்கள் அனுபவித்தோம்" என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பா வைத்த தென்னை, அப்பா வெட்டிய கிணறு என்று வளர்ந்த இடத்தைப் பற்றி அப்படி எழுதிக் கையெழுத்துப் போட எங்கள் வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. ஊரில் "அடுத்தவன் நிலத்தை அமுக்கினவன்" என்ற பேச்சும் வந்தது, அது வலித்தது. ஆனால் அந்த ஒப்புதல் இல்லாமல் இந்த வாதமே நிற்காது. நிலத்தை வாய்மொழியாக வாங்கினோம், அது இல்லையென்றால் எதிரிடை அனுபவம் என்று இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் இரண்டுமே விழும். வாங்கினேன் என்பவன் தன் நிலத்தில் இருக்கிறான், எதிரிடை அனுபவக்காரன் அடுத்தவர் நிலத்தில் இருக்கிறான். விற்பனை ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தவரும் அனுமதியோடு வந்தவர்தான்.

கர்நாடக வக்ஃப் வாரியம் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் வழக்குரையிலேயே பதில் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் அனுபவத்துக்கு வந்தீர்கள், எந்த வகையில் வந்தீர்கள், உரிமையாளருக்கு அது தெரியுமா, எத்தனை காலம் தொடர்ந்தது, எல்லோருக்கும் தெரிய, தடையில்லாமல் இருந்ததா. "நினைவுக்கெட்டிய காலமாக" என்று மொட்டையாக எழுதிய வழக்குகள் தோற்கின்றன, ஏனென்றால் தேதி இல்லாமல் 12 வருஷம் எங்கிருந்து எண்ணுவது? எங்களைக் காப்பாற்றியது ஒரு பழைய கடிதம். பட்டாதாரர் குடும்பம் திருவனந்தபுரம் பக்கம் போய்விட்டது. 1993இல் அவர்கள் பதிவுத் தபாலில் நிலத்தைக் கேட்டு எழுதினார்கள். "இந்த விளையில் உங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை, நான் யார் அனுமதியிலும் இங்கே இல்லை" என்று அப்பா பதில் போட்டார். கார்பன் நகலும், அவர்கள் வீட்டில் ஒருவர் கையெழுத்திட்டுத் திரும்பி வந்த ஒப்புகை அட்டையும் தகரப் பெட்டியில் வரி ரசீதுகளுக்கு அடியில் கிடந்தன. அட்டையின் மூலையில் தபால் முத்திரை மங்கியிருந்தாலும் வருஷம் தெரிந்தது. எதிர்ப்பு, உரிமையாளருக்குத் தெரிந்தது, தேதி என மூன்றுக்கும் அந்த ஒரே அட்டை சாட்சியானது. 30 வருஷம் கடந்த ஆவணம், முறையான கையிருப்பிலிருந்து வந்தால், அதற்குச் சட்டத்தின் அனுமானமும் துணை நிற்கும். முன்பு சாட்சியச் சட்டம் 90வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தில் 92. வீட்டில் பழைய தபால் எதையும் எரிக்காதீர்கள். இன்னொன்று, நோட்டீஸ் விட்டாலோ காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தாலோ 12 வருஷ ஓட்டம் நிற்காது. உரிமையாளர் வழக்குப் போட்டால்தான் நிற்கும்.

பிரதிவாதிகள் பட்டியலில் ஒருவரும் விடுபடக் கூடாது. பட்டாவில் பெயருள்ளவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பக்கமும் மேற்கேயும் மருமக்கள்தாயக் குடும்பங்களின் பழைய நிலமென்றால் வாரிசு பெண்வழியில், சகோதரி மக்கள் வழியில் போயிருக்கலாம். மகன்களை மட்டும் சேர்த்துவிட்டு நின்றால், தீர்ப்பு வந்த பிறகு சகோதரி மகன் ஒருவர் "என்னைக் கட்டுப்படுத்தாது" என்று வருவார். வழக்கு நடக்கும்போது பிரதிவாதி இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். இறந்துபோனவர் மேல் வாங்கிய தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதிய ஆணை) செல்லாது. எதிர்த்தரப்பில் சாவு நடந்தால் நமக்குச் சொல்ல மாட்டார்கள், ஊரில் காது வைத்திருக்க வேண்டியது நாம்தான்.

அடுத்து, என்ன பரிகாரம் கேட்பது. தீர்ப்பாணையை நிறைவேற்றும் கட்டத்தில் வரும் சிக்கல்கள் எல்லாம் இங்கே பிறப்பவைதான். "வாதியே உரிமையாளர் என்று விளம்ப வேண்டும்" என்று மட்டும் கேட்டு வாங்கினால், அந்தத் தீர்ப்பாணையில் நிறைவேற்ற ஒன்றும் இருக்காது. நாளைக்கு அவர்கள் உள்ளே புகுந்தால் இன்னொரு வழக்குத்தான் போட வேண்டும். அதனால் விளம்புகையோடு நிரந்தர உறுத்துக்கட்டளையும் (எதிர்த்தரப்பு தலையிடக் கூடாது என்ற தடை) சேர்த்தே கேளுங்கள். எதிர்த்தரப்பு ஏற்கெனவே கல் நட்டிருந்தாலோ சுவர் எழுப்பியிருந்தாலோ அதை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக்கட்டளையும் வேண்டும். வழக்கு நடக்கும்போதே உங்களை வெளியேற்றிவிட்டால் உடனே வழக்குரையைத் திருத்தி சுவாதீன மீட்பையும் (நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்வது) சேர்க்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017 முதல் 3 சதவீதம். விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் என்றால் சந்தை மதிப்பில் பாதிக்குக் கட்டணம். விளம்புகையும் சுவாதீன மீட்பும் என்றால் முழு மதிப்புக்கு. சென்ட் 2 லட்சம் என்று வைத்தால் 18 சென்ட்டுக்கு 36 லட்சம், பாதி 18 லட்சம், கட்டணம் 54,000 ரூபாய். மீட்பு கேட்டால் 1,08,000. இந்தப் பணத்துக்குப் பயந்து வெறும் உறுத்துக்கட்டளை வழக்குப் போடுகிறவர்கள் உண்டு. பட்டா அடுத்தவர் பெயரில் இருக்கும்போது, உரிமையே தகராறில் இருக்கும்போது, அது நிற்காது.

சொத்து விவரத்தில் பழைய சர்வே எண், ரீசர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, பரப்பு எல்லாம் வேண்டும். இங்கேதான் சின்ன எண் பெரிய வம்பாகும். எங்கள் பேச்சு வழக்கில் நிலம் 18 சென்ட். 18 சென்ட் என்பது 728 சதுர மீட்டர், அதாவது 7.28 ஏர். பட்டாவில் அந்த உட்பிரிவு 0.07.50 என்று இருந்தது, அதாவது 7.50 ஏர், 18.53 சென்ட். வித்தியாசம் அரை சென்ட்டுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 232 சதுர அடி. "தீர்ப்பாணை 18 சென்ட்டுக்குத்தான், மீதி எங்களுடையது" என்று ஒரு கீற்று நிலத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு கடைசிவரை ஆட முடிகிறது. சென்ட்டையும் ஏரையும் இரண்டையும் எழுதி, உட்பிரிவு முழுவதுமா, அதில் ஒரு பகுதியா என்று தெளிவாகச் சொல்லி, புலப்படத்தை (சர்வே அளவுப் படத்தை) கையில் வைத்துக்கொண்டு எல்லையை எழுதுங்கள். பகுதி என்றால் வரைபடம் கண்டிப்பாக வேண்டும்.

வரைபடத்துக்கு வழி, நிலத்தைப் பார்வையிட நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9இன் கீழ், வழக்குப் போட்டவுடனேயே, தாலுகா சர்வேயர் உதவியோடு பார்வையிடக் கேளுங்கள். ஆணையர் வரும் நாளில் என்னென்ன பதிவாக வேண்டும் என்று வக்கீல் மூலம் எழுத்தில் குறிப்பாணை கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது அறிக்கையில் வராது. கய்யாலை (எல்லைச் சுவர்) எத்தனை மீட்டர், கல் பழசா புதுசா, தென்னை எத்தனை, அவற்றின் உத்தேச வயது, கிணறு, மோட்டார் கொட்டகை, மின் இணைப்பு எண், அடுத்த விளைக்கும் இதற்கும் நடுவே வாசல் இருக்கிறதா இல்லையா. வடக்கெல்லையில் பெரிய அயனி மரம் ஒன்று நிற்கிறது; அதன் சுற்றளவை ஆணையர் டேப் வைத்து அளந்து எழுதினார். மரம் பொய் சொல்லாது என்பதால் நீதிமன்றம் அதை மதிக்கிறது. ரப்பர் என்றால் இன்னும் வசதி. நட்டு ஏழு வருஷம் வாக்கில்தான் பால் வெட்டத் தொடங்குவார்கள், அதனால் வெட்டுப்பட்டையைப் பார்த்தே கணக்குப் போடலாம். அறிக்கை பிடிக்காவிட்டால் ஆட்சேபணையை உடனே போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆணையரின் வரைபடத்தைத் தீர்ப்பாணையின் ஒரு பகுதியாக இணைக்கும்படி கேட்டு வாங்குவது. அது இல்லாமல் அமீனா (நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற வரும் ஊழியர்) நிலத்தில் வந்து நின்றால் எந்தக் கோட்டில் நிற்பது என்று அவருக்கே தெரியாது.

சாட்சியம் பற்றி ஒரே ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். பட்டா அடுத்தவர் பெயரில் இருப்பதால் தீர்வை ரசீதும் அவர் பெயரில்தான் வரும். அதனால் மின் கட்டண அட்டை, வீட்டு வரி, பயிர்க்கடன், அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) பதிவு என்று பக்கவாட்டு ஆதாரங்கள்தான் சுமையைத் தாங்கும். அவற்றோடு அக்கம்பக்கத்து மூத்தவர்களின் வாய்ச்சாட்சி. அடுத்த விளைக்காரப் பாட்டாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. வழக்கு விசாரணைக்கு வரும்வரை காத்திருந்தால் அவர் இருப்பாரா என்ற பயம் எங்களைத் தூங்கவிடவில்லை. கட்டளை 18 விதி 16இன்படி, முறை வருவதற்கு முன்பே ஒரு சாட்சியை உடனே விசாரிக்கக் கேட்கலாம். உடல்நிலைக்கு மருத்துவர் சான்று இணைத்து மனுப் போட்டோம், விசாரித்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுப் போடுங்கள், தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் தனித்தனியாக. தீர்ப்பாணை நகல் வந்ததும் சொத்து விவரத்தை வரிவரியாக ஒப்பிடுங்கள். தட்டச்சில் ஒரு சர்வே எண் மாறினாலும் பட்டா மாறாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152வது பிரிவின்படி எழுத்துப் பிழையைத் திருத்தலாம், மேல்முறையீடு போவதற்கு முன் செய்வது எளிது. மாவட்டத்துக்குள்ளேயே மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு என்றால் 90 நாள். மேல்முறையீடு போகக்கூடிய நீதிமன்றத்தில் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற மனு) போட்டு வையுங்கள்; 90 நாள்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். மேல்முறையீடு போட்டுவிட்டார்கள் என்பதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது, தடையாணை வாங்கினால்தான் நிற்கும். "அப்பீல் இருக்கு" என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், தடையாணை நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டா விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் தேங்குவது தாலுகா அலுவலகங்களில்தான். தீர்ப்பாணையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும், வில்லங்கச் சான்றில் ஏறினால் பழைய பட்டாதாரர் ரகசியமாக விற்பது கடினமாகும். பிறகு பட்டா மாறுதல் மனு: தீர்ப்பு, தீர்ப்பாணை, வரைபடம், மேல்முறையீடு நிலுவையில் இல்லை என்பதற்கு ஆதாரம். "கிரயப் பத்திரம் இல்லையே" என்று திருப்பி அனுப்பினால் 1983ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 14வது பிரிவை மனுவிலேயே எழுதுங்கள். உரிமை விளம்புகை கிடைத்தால் அதன்படி பதிவைத் திருத்த வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. வாயால் மறுத்தால் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வராதீர்கள். எழுத்தில் உத்தரவு கேளுங்கள், அது இருந்தால்தான் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று போக முடியும். மனுவைப் பல மாதம் அசையாமல் வைத்தால் மதுரைக் கிளையில் ரிட் போட்டு, காலக்கெடுவுக்குள் முடிவெடுக்க உத்தரவு வாங்கலாம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருந்தது. தீர்ப்பு கிடைத்த பிறகு நடந்த அலைச்சல் வழக்கைவிட அதிகம் நொறுக்கியது, ஏனென்றால் முடிந்துவிட்டது என்று மனசு இறங்கிவிட்டிருந்தது.

உறுத்துக்கட்டளை இருந்தும் வேலியைப் பிடுங்கினால் கட்டளை 21 விதி 32இல் நிறைவேற்று மனு. தீர்ப்பாணை அவர்களுக்குத் தெரியும், கீழ்ப்படிய வாய்ப்பிருந்தது, வேண்டுமென்றே மீறினார்கள் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். அதனால் தீர்ப்பாணையின் நகலைப் பதிவுத் தபாலில் ஒரு தடவை அனுப்பி ஒப்புகை வாங்கி வையுங்கள். மீறிய அன்றே தேதி தெரியும் புகைப்படம், ஆட்களின் பெயர், காவல் நிலைய மனு ரசீது. நீதிமன்றம் சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் சிறைக்கு அனுப்பலாம். அதே விதியின் 5வது உட்பிரிவில், கட்டிய சுவரை இடித்து அதன் செலவை அவர்களிடமே வசூலிக்கவும் வழி உண்டு. தடுக்கும் கட்டளைக்கும் அது பொருந்தும் என்று 2002 திருத்தத்தில் விளக்கம் சேர்த்துவிட்டார்கள். போலீஸ் பாதுகாப்புக்குத் தனி மனு போட வேண்டும். சுவாதீன மீட்புத் தீர்ப்பாணை என்றால் விதி 35, அமீனா வந்து ஒப்படைப்பார். மூன்றாம் ஆள் குறுக்கே நின்றால் விதி 97இல் மனு. வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பிடம் வாங்கியவர் என்றால் விதி 102 அவருக்கு இடம் கொடுக்காது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ராகுல் ஷா வழக்கிலும், தமிழ்நாட்டிலிருந்து போன பெரியம்மாள் வழக்கில் 2025 மார்ச்சிலும் சொல்லியிருக்கிறது. வாய்தா மேல் வாய்தா போனால் அதை மனுவில் எடுத்துச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

காலக்கெடுவையும் கவனியுங்கள். நிரந்தர உறுத்துக்கட்டளையை நிறைவேற்ற காலவரம்பு கிடையாது. சுவாதீன மீட்புக்கு 12 வருஷம். ஆனால் சுவரை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக்கட்டளைக்கு 3 வருஷம்தான். பட்டா மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்து அந்த மூன்று வருஷத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்முறையீட்டுக் காலமெல்லாம் முடிந்ததும், நீதிமன்றத்தில் குறியீடு செய்து வைத்திருக்கும் மூல ஆவணங்களைத் திரும்பக் கேட்டு மனுப் போடுங்கள். 1993ஆம் ஆண்டு அட்டை மாதிரி ஒன்று பழைய கட்டுக்குள் கிடந்து மக்கிப்போகக் கூடாது. வாங்கும்போது சான்றிட்ட நகலை அங்கே வைத்துவிட்டு, ஆவண எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்.